எதிர் இருக்கைச் சட்டை கண்ணைக் குத்துகிறது: டிரெஸ் கோடை மாற்றச் சொல்லி எப்படிக் கேட்பது?

நடுவரிசை எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உதவி வேண்டும்.

எங்கள் அலுவலகத்தில் புது டிரெஸ் கோடு, அதாவது உடை விதி, வந்திருக்கிறது. திங்கள் முதல் வியாழன் வரை கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட முழுக்கைச் சட்டை, அடர்நீல பேன்ட். ஆண், பெண் எல்லோருக்கும் அதே சட்டைதான். வெள்ளிக்கிழமைக்கு ‘உற்சாக நாள்’ என்று பெயர். அன்று பளிச்சென்ற ஒரே நிறத்தில் எதை வேண்டுமானாலும் போடலாம். ‘மங்கலான நிறங்களைத் தவிர்க்கவும்’ என்று சுற்றறிக்கையிலேயே இருக்கிறது.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே மைக்ரேன் உண்டு. வெளிச்சம் ஒத்துக்கொள்ளாது. நெருக்கமான கோடுகள் அதைவிட மோசம். எஸ்கலேட்டர் படிகள், ஜன்னல் பிளைண்ட்ஸ், கம்பி கிராதி, இவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தால் போதும், கோடுகள் நெளிய ஆரம்பிக்கும். இடுக்குகளில் மஞ்சளும் ஊதாவும் மினுங்கும். அப்புறம் வலது கண்ணுக்குப் பின்னால் வலி பிடித்துக்கொள்ளும். இத்தனை வருடம் சமாளித்துவிட்டேன். எஸ்கலேட்டரில் தலையைத் தூக்கிக்கொள்ளலாம், பிளைண்ட்ஸை மேலே சுருட்டிவிடலாம். சட்டையை என்ன செய்வது? அது எழுந்து நடந்து வந்து என் மேசை பக்கத்தில் நின்று “ஒரு நிமிஷம் பேசலாமா?” என்று கேட்கிறது.

என் இருக்கை நடுவரிசையில். எதிரே ஒரு கோட்டுச் சட்டை, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. மீட்டிங் அறை இன்னும் கொடுமை. நீள மேசையின் இரண்டு பக்கமும் வரிசையாக அதே சட்டை. யாராவது மூச்சை இழுத்துவிட்டால் கோடுகளும் ஏறி இறங்குகின்றன. எங்கள் பிரிவுத் தலைவரோடு பேசும்போது அவர் நெற்றிக்கு மேலே பார்த்துப் பேசப் பழகிக்கொண்டேன். இரண்டு நாள் பொறுத்தவர், மூன்றாம் நாள் தானும் திரும்பி மேலே பார்த்துவிட்டு, “கூரை ஏதாவது ஒழுகுகிறதா?” என்று கேட்டார். அன்று மாலையே பராமரிப்பு ஆள் ஏணியோடு வந்து கூரையைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

வீடியோ அழைப்பில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கேமராவில் அந்தச் சட்டை சட்டையாகவே தெரிவதில்லை. கோடுகள் வளைந்து, பச்சையும் ரோஸுமாக அலையலையாக ஓடுகின்றன. மறுமுனையில் இருந்த வாடிக்கையாளர் ரொம்ப மரியாதையாக, “உங்களில் யாருக்காவது இணைப்புக் கோளாறா?” என்று கேட்டார். நாங்கள் ஒவ்வொருவராகக் கேமராவை அணைத்துப் போட்டுப் பார்த்தோம். சட்டைக்கு மேலே கோட் மாட்டியிருந்த ஒருவர் மட்டும் தெளிவாகத் தெரிந்தார். ‘அவர் இணைப்பு நன்றாக இருக்கிறது’ என்று அவரையே முழு நேரமும் பேசவிட்டார்கள். அவர் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

பேன்ட் கதை தனி. நிர்வாக அலுவலர் காலையில் நுழைவாயிலில் அச்சடித்த நிற அட்டையோடு நிற்கிறார். அட்டையைப் பேன்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். வாசல் விளக்கில் பாதிப் பேருடைய அடர்நீலம் ஊதா கலந்து தெரிகிறது, ‘பொருந்தவில்லை’ என்கிறார். அதே ஆள் நாலடி தள்ளி ஜன்னல் பக்கம் போய் நின்றால் பொருந்திவிடுகிறது. விஷயம் தெரிந்துபோன பிறகு இப்போது எல்லோரும் நேரே ஜன்னலுக்குப் போய் காலை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அங்கே ஒரு வரிசையே உருவாகிவிட்டது.

நான் எச்.ஆர். பிரிவில் எழுதிக் கொடுத்தேன், மருத்துவர் கடிதத்தோடு. மூன்று நாளில் அன்பாகவே பதில் வந்தது: ‘உங்கள் உடல்நிலையைக் கருத்தில் கொண்டு, உங்களுக்கு மட்டும் கோட்டுச் சட்டையிலிருந்து விலக்கு அளிக்கப்படுகிறது. நீங்கள் வெள்ளைச் சட்டை அணியலாம்.’

என் சட்டையை நான் எங்கே பார்க்கிறேன்? நாள் முழுக்க நான் பார்ப்பது மற்றவர்கள் சட்டையை. இப்போது அந்தத் தளத்திலேயே கோடு இல்லாத ஒரே சட்டை என்னுடையது, அதைப் பார்க்க முடியாத ஒரே ஆளும் நான்தான். எதிர் இருக்கைக்காரர் “உங்களைப் பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது” என்று மனதாரச் சொன்னார்.

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம் என்றால், ‘அலுவலகத்துக்குள் கறுப்புக் கண்ணாடி கூடாது’ என்பது அதே டிரெஸ் கோடின் ஏழாவது விதி.

இது சிரிப்பாக இருக்கலாம். சொல்லும்போது எனக்கும் சிரிப்பு வருகிறது. ஆனால் வாரத்தில் பாதி நாள் மத்தியானத்துக்கு மேல் திரையைப் பார்க்க முடியவில்லை, வேலை தேங்குகிறது. டிரெஸ் கோடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரே மாதிரி உடுத்துவது எனக்கும் பிடிக்கும், காலையில் யோசிக்க வேண்டியதில்லை. சட்டையில் இருக்கும் அந்தக் கோடு மட்டும் வேண்டாம்.

கேட்க வந்தது இதுதான்: எனக்கு விலக்கு கொடுத்தால் போதாது, சட்டையையே மாற்ற வேண்டும் என்று அவர்களுக்குப் புரியும்படி எப்படி எழுதுவது? யாராவது இப்படிக் கேட்டு மாற்றியிருக்கிறீர்களா? சட்டை ஏன் கண்ணைக் குத்துகிறது என்று தெரிந்தவர்கள் விளக்கினால் அதையும் கடிதத்தில் சேர்த்துக்கொள்வேன்.


அரையிருட்டு எழுதியது:

தோழி, நான் கண் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். எனக்கும் மைக்ரேன் உண்டு, அதனால் இரண்டு பக்கமிருந்தும் சொல்கிறேன்.

முதலில் ஒரு ஸ்கேல் எடுத்து அந்தச் சட்டையின் கோட்டை அளந்து பாருங்கள். கறுப்புக் கோடு எத்தனை மி.மீ., இடையில் வெள்ளை எத்தனை மி.மீ. என்று.

ஏன் கேட்கிறேன் என்றால், எல்லாக் கோடும் ஒரே மாதிரி தொந்தரவு செய்வதில்லை. ஆர்னல்டு வில்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் பல பத்தாண்டுகளாக இதையே ஆராய்ந்தவர். பார்வைக் கோணத்தில் ஒரு டிகிரிக்குள் சுமார் மூன்று கறுப்பு-வெள்ளை ஜோடிக் கோடுகள் விழுந்தால் அதுதான் மிக மோசம். ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு டிகிரி என்பது ஏறக்குறைய 17 மி.மீ. அதில் மூன்று ஜோடி என்றால், கறுப்பு 3 மி.மீ., வெள்ளை 3 மி.மீ. கறுப்பும் வெள்ளையும் சம அகலமாக இருந்தால் இன்னும் மோசம், கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு கூடக்கூட மோசம். எதிர் இருக்கை சட்டை உங்களிடமிருந்து ஒரு மீட்டரில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மூளையின் பார்வைப் பகுதியில் குறிப்பிட்ட சாய்வில் உள்ள கோட்டைக் கண்டால் மட்டும் வேலை செய்யும் செல்கள் இருக்கின்றன. ஹ்யூபெல், வீசல் இருவரும் கண்டுபிடித்தது, 1981-இல் நோபல் பரிசு கிடைத்தது. இயற்கையில் நாம் பார்க்கும் காட்சியில் எல்லாத் திசைக் கோடுகளும் கலந்திருக்கும், அதனால் வேலை பல வகைச் செல்களிடையே பங்கிடப்படுகிறது. கோட்டுச் சட்டையில் அத்தனையும் ஒரே திசை. ஒரே வகைச் செல்கள் மொத்தமாக ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. மைக்ரேன் உள்ளவர்களின் மூளைக்கு அந்தக் கூட்டத்தை அடக்குவது கஷ்டம் என்பதுதான் வில்கின்ஸ் தரப்பு விளக்கம். ஒளியால் வலிப்பு வருகிறவர்களில் சிலருக்குக் கோடுகளாலும் வலிப்பு வரும். இதைக் கடிதத்தில் கட்டாயம் சேருங்கள். உங்கள் தளத்தில் அப்படி ஒருவர் சொல்லாமல் இருக்கலாம்.

இன்னொன்று கவனியுங்கள். தூரம் மாறினால் கதையே மாறிவிடும். உங்களுக்கு ஒரு மீட்டரில் நெளிகிற அதே சட்டை, இருபது மீட்டர் தள்ளி இருக்கிறவருக்குக் கோடே இல்லாமல் மென்மையான சாம்பல் நிறமாகத் தெரியும். இதைத் தேர்ந்தெடுத்தவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்?

கறுப்புக் கண்ணாடியை உள்ளே போடாதீர்கள். விதி ஏழுக்காகச் சொல்லவில்லை. வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டுப் பழகினால் கண் இருட்டுக்குப் பழகி, சாதாரண வெளிச்சமே பிறகு தாங்காமல் போகும். இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட எஃப்.எல்.-41 என்ற கண்ணாடி மைக்ரேன்காரர்களுக்காகக் கொடுப்பதுண்டு, கண் மருத்துவரிடம் கேளுங்கள். அது வெளிச்சத்துக்கு உதவும். கோட்டை அழிக்காது.

‘பச்சைச் சட்டை கேளுங்கள், பச்சை மைக்ரேனுக்கு நல்லது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2016-இல் பாஸ்டனில் ரமி பர்ஸ்டீன் குழு, மற்ற நிற ஒளிகளைவிட ஒரு குறுகிய பச்சை ஒளி மைக்ரேன் வலியைக் குறைவாகத் தூண்டுகிறது என்று காட்டியது உண்மை. அது இருட்டறையில் விளக்கை வைத்துச் செய்த சோதனை, துணியை வைத்து இல்லை.


நேரந்தவறாதவன் எழுதியது:

வருத்தப்படாதீர்கள், நான் எதிர்ப்பக்கம் பேசுகிறேன். உங்கள் வலி உண்மை, அதைச் சந்தேகப்படவில்லை. ஆனால் நான் முப்பது பேரை வைத்து வேலை வாங்குகிற ஆள். ஒருவருக்குக் கோடு ஆகாது என்று மாற்றினால், நாளைக்கு ஒருவருக்குச் சிவப்பு ஆகாது, அடுத்தவருக்கு வெள்ளை ஆகாது. சட்டை எல்லோருக்கும் வாங்கி முடித்தாகிவிட்டது. விலக்கும் கொடுத்துவிட்டார்கள், பதிலும் மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். இருக்கையை மாற்றித் தரச் சொல்லுங்கள், சுவரைப் பார்த்த இருக்கை. அதுதான் நடக்கிற காரியம். எந்த அலுவலகமும் ஒருவருக்காக நூறு சட்டையைத் தூக்கிப் போடாது.


லைட்பாக்ஸ் எழுதியது:

சாயப் பரிசோதனைக் கூடத்தில் ஷேடு மேட்சிங், அதாவது துணியின் நிறம் பொருந்துகிறதா என்று பார்ப்பது, என் வேலை. ஜன்னலுக்குக் காலை நீட்டும் வரிசையைப் படித்து எங்கள் கூடத்தில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். சிரித்து முடித்ததும் எல்லோரும் சொன்னது: அந்த நிர்வாக அலுவலர் பாவம், அவர் கையில் தவறான பொருளைக் கொடுத்துவிட்டார்கள்.

இரண்டு துணி ஒரு விளக்கில் ஒரே நிறமாகவும் இன்னொரு விளக்கில் வேறு நிறமாகவும் தெரிவதை நாங்கள் மெட்டமெரிசம் என்போம். அடர்நீலம், சாம்பல், ஆலிவ் இந்த மூன்றும் இதில் பெயர்போனவை. காரணம், அடர்நீலத்தைப் பத்து விதமாகச் சாயக் கலவை போட்டு எடுக்கலாம். ஒவ்வொரு கலவையும் ஒளியின் ஒவ்வொரு பகுதியை வேறு அளவில் விழுங்கும். பகல் வெளிச்சத்தில் எல்லாம் சமமாக வந்து நிற்கும், வாசல் விளக்குக்குப் போனால் சிவப்புப் பக்கம் அதிகமாகத் திருப்பி அனுப்பும் கலவை ஊதா அடிக்கும். உங்கள் ஆட்கள் வேறு வேறு கடையில், வேறு வேறு கம்பெனி பேன்ட் வாங்கியிருப்பார்கள். அந்த அட்டையோ துணியே இல்லை, காகிதத்தில் அச்சு மை. மூன்றாவது கலவை! அது எந்தப் பேன்டோடும் எல்லா விளக்கிலும் பொருந்த வாய்ப்பே இல்லை.

நாங்கள் இதற்கென்று ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். உள்ளே சாம்பல் பெயின்ட், மேலே மாற்றி மாற்றிப் போட விளக்குகள்: டி65 என்பது பகல் வெளிச்சம், டி.எல்.84 என்பது கடை டியூப்லைட், ஏ என்பது பழைய குண்டு பல்பு. மூன்றிலும் பாஸானால்தான் ஷேடு ஓகே. சில ஷேடுகள் இரண்டில் பாஸாகி மூன்றாவதில் விழுந்துவிடும், ஒரு நாள் வேலை போச்சு. உங்கள் நிர்வாக அலுவலர் வாசலில் ஒரே விளக்கில் நின்றுகொண்டு தினமும் அந்தத் தீர்ப்பைச் சொல்கிறார்.

வெள்ளைச் சட்டை விலக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடை வெள்ளைத் துணியில் பெரும்பாலும் ஆப்டிகல் பிரைட்னர் இருக்கும். அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை வாங்கி நீல ஒளியாக வெளியே விடும், அதனால்தான் ‘பால் வெள்ளை’ என்கிறார்கள். வெயில் விழும் ஜன்னல் பக்கத்தில் அது கூசும். பிரைட்னர் இல்லாத, கொஞ்சம் பழுப்பேறிய வெள்ளை இன்னும் இதமாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை பளிச் நிறத்துக்கு ஃப்ளோரசன்ட் துணியை யாராவது போட்டு வருகிறார்களா? அந்தச் சாயம் குட்டை அலைநீள ஒளியை விழுங்கி, நீண்ட அலைநீளத்தில் திருப்பி விடுகிறது. அதனால் அந்தப் பகுதியில் விழுந்த ஒளியைவிட அதிகமாகவே வெளியே வருகிறது. மஞ்சள்பச்சை ஃப்ளோரசன்ட் இன்னும் பிரகாசம், ஏனென்றால் பகலில் நம் கண் அதிகம் உணர்வது 555 நானோமீட்டர் பக்கம்தான். சாலைப் பணியாளர்களின் ஜாக்கெட்டுக்கு ஐ.எஸ்.ஓ. 20471 என்று தனித் தரமே இருக்கிறது, தூரத்தில் வரும் டிரைவருக்கு ஆள் தெரிய வேண்டும் என்பதற்காக. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரை யாரும் வண்டியால் இடிக்கப் போவதில்லை.

நேரந்தவறாதவன் சார் சொன்னதற்கு ஒன்று. கண்ணுக்காக ஒரு தொழிலே உடுப்பை மாற்றியிருக்கிறது. அறுவை மருத்துவர்கள் ஒரு காலத்தில் வெள்ளைதான் போட்டார்கள். பலமான விளக்கு, சுற்றிலும் வெள்ளைத் துணி, நடுவில் சிவப்பு. கண் கூசியது. போதாக்குறைக்கு, சிவப்பையே பார்த்துவிட்டு வெள்ளையைப் பார்த்தால் பச்சையாக ஒரு பேய்நிழல் மிதக்கும். 1914-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஹாரி ஷெர்மன் என்ற அறுவை மருத்துவர் பச்சைக்கு மாறினார். பின்னாளில் உலகம் முழுக்கப் பச்சையும் நீலமுமாக ஆனது. பச்சைத் துணியில் பச்சை நிழல் விழுந்தால் தெரியாது. அவர் தன் துணியை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை, கவனித்தீர்களா? நோயாளியைச் சுற்றிப் போர்த்தும் துணிவரை கண்ணில் படுகிறதை மாற்றினார்.


நடுவரிசை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. லைட்பாக்ஸ் அண்ணா, கடைசியாகச் சொன்னதை அப்படியே கடிதத்தில் போடப்போகிறேன்.

அரையிருட்டு, அளந்தேன். எதிர் இருக்கைக்காரர் சட்டைக் கையை மேசைமேல் வைத்துக்கொண்டு அசையாமல் காட்டினார். கறுப்பு 3 மி.மீ., வெள்ளை 3 மி.மீ. மயிரிழை பிசகில்லை. என் நாற்காலியிலிருந்து அவர் சட்டைப் பை வரை டேப் பிடித்தோம், ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூட. டேப்பின் ஒரு முனை அவர் பையில், ஒரு முனை என் நெற்றிப்பொட்டில். அந்த நேரம் பார்த்து நிர்வாக அலுவலர் வந்துவிட்டார். நாங்கள் ஏதோ புதிய விதியைக் கடைப்பிடிக்கிறோம் என்று நினைத்து, “யாருடைய உத்தரவு?” என்று கேட்டார்.

சட்டையைத் தேர்ந்தெடுத்தவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டீர்களே, அதுதான் எனக்கு ரொம்ப உதவியாக இருந்தது. மண்டபத்தின் மறுகோடியில் கண்ணாடி அறை. ஒரு வேலையாக அங்கே போனபோது அவர் நாற்காலி பக்கத்தில் நின்று திரும்பிப் பார்த்தேன். எங்கள் தளம் முழுக்க இதமான சாம்பல் நிறம். கோடே தெரியவில்லை. அவர் மேல் எனக்கு இருந்த கோபம் அங்கேயே குறைந்துவிட்டது. அவர் தேர்ந்தெடுத்த சட்டை வேறு, நான் பார்க்கிற சட்டை வேறு.

நேரந்தவறாதவன் சார், சுவர் பார்த்த இருக்கையைக் கேட்டுப் பார்த்தேன், கொடுக்கவும் தயாராக இருந்தார்கள். ஆனால் என் வேலை ஆட்களோடு பேசுவது. சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் வருகிறவர் ஒவ்வொருவரும் தோளைத் தொட்டுக் கூப்பிட வேண்டும், திரும்பினால் அரை மீட்டரில் அதே கோடு.


இரண்டுகூம்பு எழுதியது:

நான் நேரந்தவறாதவன் அவர்களுக்குத்தான் எழுத வந்தேன். ‘ஒருவருக்காக’ என்கிறீர்கள். கண் ஒவ்வொருவருக்கும் ஒரே மாதிரி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால்தான் நடுவரிசை ‘ஒருவர்’. 2015 பிப்ரவரியில் ஒரே ஒரு கவுன் படம் உலகத்தையே இரண்டாகப் பிரித்தது ஞாபகம் இருக்கிறதா? பாதிப் பேர் வெள்ளையும் தங்கமும் என்றார்கள், பாதிப் பேர் நீலமும் கறுப்பும் என்றார்கள். அசல் துணி நீலமும் கறுப்பும். இத்தனைக்கும் அவர்களில் பெரும்பாலோருக்குக் கண்ணில் ஒரு குறையும் கிடையாது.

எனக்குச் சிவப்பு, பச்சை பிரித்துத் தெரியாது. விழித்திரையில் நிறத்தை உணரும் மூன்று வகைக் கூம்பு செல்கள் இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு இரண்டுதான். இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களுக்குத்தான் அதிகம் வரும். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்குச் சிவப்பு–பச்சைக் குறை ஏதோ ஒரு அளவில் உண்டு, பெண்களில் 0.5 சதவீதத்துக்குப் பக்கம். உங்களுடைய முப்பது பேரில் ஒருவராவது என்னைப் போல் இருக்கலாம். சொல்ல மாட்டார்.

என் பழைய அலுவலகத்தில் டை ஒரு வாரம் மெரூன், ஒரு வாரம் கரும்பச்சை. என் மனைவி டையின் உள்பக்கம் நூலால் முடிச்சுப் போட்டுத் தந்தார், மெரூனுக்கு ஒரு முடிச்சு, பச்சைக்கு இரண்டு. காலையில் விளக்குப் போடாமலேயே விரலால் தடவி எடுத்துக்கொள்வேன். பிரிவிலேயே டை தவறாமல் கட்டி வருகிற ஆள் என்று என்னைப் பாராட்டி, மற்றவர்களுடைய டையைச் சரிபார்க்கும் பொறுப்பையும் என்னிடமே கொடுத்தார்கள். நான் ஒவ்வொருவரையும் நிறுத்தி டையைத் திருப்பிப் பார்ப்பேன், முடிச்சு இருக்காது. அப்புறம் மேலதிகாரியிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் நல்ல மனுஷர். மறுமாதத்திலிருந்து மெரூன் டையில் புள்ளி, பச்சை டையில் எதுவும் இல்லை என்று மாற்றிவிட்டார். பொறுப்பை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

அணுக் கொள்கை தந்த ஜான் டால்டனும் எங்கள் கூட்டம்தான். 1794-இல் மான்செஸ்டரில் தன் பார்வையைப் பற்றித் தானே கட்டுரை வாசித்தார். முத்திரை வைக்கும் சிவப்பு அரக்கும் பச்சை லாரல் இலையும் அவருக்கு ஒரே நிறம். அவர் குவேக்கர் சமயத்தவர், பகட்டான செஞ்சிவப்பை உடுத்தக்கூடாது. 1834-இல் அரசர் நான்காம் வில்லியமைப் பார்க்கப் போக வேண்டி வந்தது. அரசவை உடுப்பு என்றால் வாள் கட்ட வேண்டும், குவேக்கர்கள் வாள் தொட மாட்டார்கள். அதற்குப் பதிலாக ஆக்ஸ்ஃபோர்டு தந்த டாக்டர் பட்ட அங்கியைப் போடலாம் என்றார்கள். அது செஞ்சிவப்பு! மற்றவர்கள் தவித்தார்கள். டால்டன் கண்ணுக்கு அது பகட்டே இல்லாத மங்கல் நிறம், நிம்மதியாகப் போட்டுக்கொண்டு போய்விட்டார். இரண்டு டிரெஸ் கோடும் திருப்தியானது. தன் கண்ணுக்குள் இருக்கும் நீர் நீலமாக இருப்பதுதான் காரணம் என்று அவர் நம்பியிருந்தார். 1844-இல் இறந்த பிறகு திறந்து பார்த்தார்கள், தெளிவாகத்தான் இருந்தது. பாதுகாத்து வைத்திருந்த கண்ணிலிருந்து 1995-இல் டி.என்.ஏ. எடுத்துப் பார்த்துத்தான் பச்சையை உணரும் கூம்பு அவருக்கு இல்லை என்று உறுதி செய்தார்கள்.

தோழி, கடிதம் எழுதுவதோடு நிற்காதீர்கள். அந்தக் கண்ணாடி அறைக்காரரை உங்கள் நாற்காலியில் ஒரு மீட்டிங் முழுக்க உட்காரச் சொல்லுங்கள்.


நேரந்தவறாதவன் எழுதியது:

இன்று எங்கள் ஆட்களிடம் பொதுவாகக் கேட்டேன், நிறம் பிரித்துத் தெரியாதவர் யாராவது உண்டா என்று. யாரும் கை தூக்கவில்லை. மாலையில் இரண்டு பேர் தனித்தனியாக வந்து சொன்னார்கள். அதில் ஒருவர் பதினைந்து வருடமாக எங்கள் நிறக் குறியீட்டுக் கோப்புகளைப் பார்க்கிறவர். எப்படி இத்தனை வருடம் பிசகவில்லை என்று கேட்டேன். சிவப்புக் கோப்பு எப்போதும் இடப்பக்க அடுக்கில்தான் இருக்கும் என்றார். போன மாதம் அடுக்கை நான்தான் மாற்றி வைத்தேன். கோப்புகளில் எழுத்தும் ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

சட்டை விஷயத்தில் என் கருத்து பாதி மாறியிருக்கிறது. வாங்கியதைத் தூக்கிப் போடக் கேட்காதீர்கள், அடுத்த முறை வாங்கும்போது மாற்றக் கேளுங்கள். அதற்கு ஒத்துக்கொள்வார்கள்.


நடுவரிசை எழுதியது:

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கடிதத்தில் அளவையும் தூரத்தையும் போட்டேன், வலிப்பு விஷயத்தையும் சேர்த்தேன், கடைசியில் ‘ஒரே ஒரு மீட்டிங் என் இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள்’ என்று கேட்டேன். கண்ணாடி அறைக்காரர் வந்தார். அவருக்கு மைக்ரேன் எல்லாம் கிடையாது. முதல் கால்மணி சும்மாதான் இருந்தார். அப்புறம் எதிரே இருந்தவரிடம், “நீங்கள் கொஞ்சம் ஆடாமல் உட்காருங்கள்” என்றார். “நான் ஆடவில்லை சார்” என்றார் அவர். “அப்படியானால் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்காருங்கள்.” அவர் தள்ளினார். “இன்னும் கொஞ்சம்.” மீட்டிங் முடியும்போது எதிர்வரிசை மொத்தமும் சுவரோடு ஒட்டி இருந்தது. குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டு எழுதினார்கள்.

முடிவு இது. அடுத்த முறை சட்டை வாங்கும்போது கோடு கிடையாது, ஒரே நிற வெளிர்நீலம். அதுவரை மீட்டிங் அறையிலும் வீடியோ அழைப்பிலும் மேலே கோட் அல்லது கார்டிகன் போட்டுக்கொள்ள வேண்டும். நிற அட்டையை எடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமையைப் பற்றிப் பேச்சே எடுக்க முடியவில்லை, அது இன்னொருவருடைய யோசனையாம். எதிர் இருக்கைக்காரர் மட்டும் என்னைக் கேட்டு ஆரஞ்சுக்குப் பதில் அடர்பச்சை போட்டு வருகிறார். இப்போதைக்கு அது போதும், ஆனால் நான் விடப்போவதில்லை.

லைட்பாக்ஸ் அண்ணா, வெளிர்நீலத்துக்கு ஆர்டர் எழுதும் பொறுப்பை என்னிடமே கொடுத்துவிட்டார்கள். என்ன எழுத வேண்டும்?


லைட்பாக்ஸ் எழுதியது:

நிறத்தின் பெயரை எழுதாதீர்கள். கைக்குட்டை அளவு துணி மாதிரி வாங்கி, எல்லோரும் பார்த்து ஒத்துக்கொண்டதும் அதில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கி ஆர்டரோடு இணையுங்கள். மாதிரியை இரண்டு இடத்தில் வைத்துப் பாருங்கள், ஜன்னல் பக்கம் ஒருமுறை, உங்கள் மேசை விளக்கில் ஒருமுறை. பகல் வெளிச்சம், டியூப்லைட் இரண்டிலும் மாதிரியோடு பொருந்த வேண்டும் என்று எழுதிவிடுங்கள், சப்ளை செய்கிறவருக்குப் புரியும். பிரைட்னர் வேண்டாம் என்று தனி வரியாகப் போடுங்கள். நெசவில் கோடோ கட்டமோ தெரியக்கூடாது. சில துணியில் ஒரே நிறத்திலேயே நெசவுக் கோடு இருக்கும், கையில் எடுத்துச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

மொத்தத் துணியும் ஒரே சாய லாட்டில், அதாவது ஒரே தடவையில் சாயம் போட்டதாக, கேளுங்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்கும் சேர்த்து இப்போதே கொஞ்சம் கூடுதலாக வாங்கிவிடுங்கள். அடுத்த லாட் வந்தால் ஷேடு கொஞ்சம் மாறும், அப்புறம் மறுபடியும் ஜன்னலுக்கு வரிசை கட்டுவார்கள்.